ரெபேக்காளின் இரண்டாம் ஜெபம்

மிஷன் தெரு ரெபேக்காள் வாயைத் திறந்தால் கே.ஜி.கண்டிகை பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்கும் என்பார்கள். அவ்வளவு தூரம் கேட்காது, பாதி தூரம்தான். மீதி தூரத்துக்கு ஒலிபெருக்கி இருக்கிறது. ஊராட்சித் தலைவராக இருந்த கோதண்டபாணி தன் செலவில் சபைக்கு வாங்கிக் கொடுத்தது அது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு திருத்தணிப் பக்கத்தில் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ரெபேக்காளுக்குத் தொண்டை பள்ளிக்கூடத்தில் திறந்தது. படித்த பள்ளிக்கூடத்தில் அல்ல, ஆக்கிப்போட்ட பள்ளிக்கூடத்தில். அரசுப் பள்ளியில் சத்துணவு சமையல் வேலை. தட்டோடு பாய்ந்து வரும் பிள்ளைகளை "வரிசை!" என்ற ஒரே சொல்லால் நிறுத்துவாள். அண்டாவில் சாம்பார்கூட ஒரு கணம் கொதிப்பதை நிறுத்தும் என்று வாத்தியார்கள் கேலி செய்வார்கள். பள்ளியில் அவளுக்குப் பெயர் ஆயாம்மா. வாரத்தில் ஐந்து நாள் அரசாங்கத்தின் அரிசியைப் பொங்கிப்போட்டவள், ஞாயிற்றுக்கிழமை மிஷன் தெருக் கோயிலில் அதே அரசாங்கத்தைப் பற்றி ஆண்டவரிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பிலும் இருந்தாள். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். அந்தப் பொறுப்பிலிருந்து யாரும் ஓய்வு கொடுக்கவில்லை, கொடுக்கவும் துணியவில்லை.

அந்தப் பொறுப்பு வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரி கோயில் கட்ட இடம் கேட்டு ஜமீன்தாரிடம் போனாராம். ஜமீன்தார் யோசித்துப் பார்த்து, ஆடுகூட வாய் வைக்காத ஒரு கல்லு மேட்டைத் தாராளமாகத் தூக்கிக் கொடுத்தார். ஒரே நிபந்தனை: ஞாயிறு தவறாமல் ஜமீன்தார் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ண வேண்டும். அவர் மலைமேல் இருக்கும் முருகனுக்குப் பரம பக்தர். ஆனாலும், எதற்கும் இந்தப் பக்கமும் ஒரு வார்த்தை போய்ச் சேர்ந்திருக்கட்டும் என்ற முன்யோசனை. பாதிரியும் கணக்குப் பார்த்தார். கல்லு மேடு நிலைத்து நிற்கும், ஜெபத்துக்குச் செலவு கிடையாது. சரி என்றார்.

அன்றிலிருந்து அந்தக் கோயிலில் மூன்று ஜெபம். முதலாவது ஆளுகிறவர்களுக்காக. இரண்டாவது நோயாளிகளுக்காக. மூன்றாவது துக்கத்தில் இருக்கிறவர்களுக்காக. மூன்றையும் நடத்துவது பாதிரியார் அல்ல, சபையில் ஒருவர். முதல் ஜெபத்தில் லண்டன் ராஜா வந்தார், கலெக்டர் துரை வந்தார், ஜமீன்தார் கடைசிக்குத் தள்ளப்பட்டார். ஜமீன் ஒழிந்த அடுத்த ஞாயிறே அவர் பெயரும் ஒழிந்தது. கல்லு மேடு மட்டும் இருந்தது. லண்டன் ராஜாவின் பெயரை எடுக்கத்தான் தாமதமாயிற்று. அப்போது ஜெபம் நடத்திய பெரியவர் காதில் விழுந்ததையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. "சுதந்திரம் வந்துட்சின்னு தொர வந்து சொல்லட்டும், எடுத்துடறேன்" என்று விட்டாராம். துரை கப்பல் ஏறிப் போய்ச் சேர்ந்த பிறகும் இங்கே ராஜாவின் ஆயுசுக்காக ஜெபம் நடந்துகொண்டிருந்தது.

ரெபேக்காள் காலத்தில் முதல் ஜெபம் டில்லியில் தொடங்கி, கோட்டைக்கு வந்து, கலெக்டரைத் தொட்டு, ஊராட்சித் தலைவரில் முடியும். அவள் யாரையும் புகழ மாட்டாள், திட்டவும் மாட்டாள். "ஆண்டவரே, எங்க தலைவருக்கு நல்ல கண்பார்வையைத் தாரும், பள்ளிக்கூடத்து முன்னால வெளக்கு எரியாதது அவர் கண்ணுல படட்டும்" என்பாள். சபை ஆமென் சொல்லும். அந்த ஆமென் எவ்வளவு சத்தமாக வருகிறது என்பதை வைத்து, சாலை முக்கில் டீக்கடை வைத்திருக்கும் தணிகாசலம் அடுத்த தேர்தல் முடிவைச் சொல்லிவிடுவார். விளக்கு பெரும்பாலும் புதன்கிழமைக்குள் எரிந்துவிடும்.

இனி கோதண்டபாணி. அவர் ரெபேக்காள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர். பள்ளியில் முட்டை போடும் நாளில் மட்டும் அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. முட்டையை வாங்கி அப்படியே வாயில் போட்டுக்கொண்டு, சட்டையால் உதட்டைத் துடைத்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் மறுபடி நிற்பான்.

"நைனா, உனுக்கு இது மொத தடவையா?" என்பாள் ரெபேக்காள்.

"ஆங், ஆயாம்மா" என்பான், மஞ்சள்கரு ஒட்டிய பல்லைக் காட்டி.

மிச்சம் இருந்தால் போடுவாள். பொய் சொல்கிறான் என்று தெரியும். பசியில் சொல்கிறான் என்பதும் தெரியும்.

அவன் வளர்ந்து, சென்னை சாலையில் மனை வாங்கி விற்கும் தொழிலில் இறங்கி, அவர் ஆனார். ஊராட்சித் தலைவர் தேர்தலில் நின்றபோது மலைக்குக் காவடி எடுத்தார். இறங்கி வந்து நேரே ரெபேக்காள் வீட்டுக்குப் போய், "ஆயாம்மா, நம்ம பேரையும் ஒரு வார்த்த சொல்லிடேன்" என்று நின்றார். சொன்னாள். ஜெயித்தார். வெற்றியைப் பாதி முருகனுக்கும் பாதி ஆயாம்மாவுக்கும் பங்கு போட்டார். முருகன் பங்குக்கு முடி இறக்கினார். ஆயாம்மா பங்குக்குத்தான் மைக் செட்டும், கோயில் கூரைமேல் கட்ட ஒரு பெரிய குழாய் ஒலிபெருக்கியும். குழாயின்மேல் சிவப்புப் பெயிண்டில் "உபயம்: கோதண்டபாணி". அது டீக்கடையைப் பார்த்தபடிதான் இருக்க வேண்டும் என்று தானே நின்று கட்ட வைத்தார். ஞாயிறுதோறும் தன் பெயர் சாலை முக்கு வரை போவதைக் கேட்க அவருக்கு அவ்வளவு ஆசை.

இப்படிச் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது மழை.

மிஷன் தெருவின் கல்லறைத் தோட்டம் ஏரிக்கு நீர் வரும் கால்வாய்க்கு அந்தப் பக்கம். நடுவில் ஒரு சிறுபாலம் இருந்தது. ஒரு புயல் மழையில் அது அடித்துக்கொண்டு போயிற்று. அடுத்த மழைக்காலத்தில் ரெபேக்காளின் கணவர் இஸ்ரேல் இறந்தார். அரக்கோணத்தில் ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி பேசும் இடத்தில் தான் பேசி என்ன ஆகப்போகிறது என்று வாழ்நாள் முழுவதும் சிரித்துக்கொண்டே இருந்த மனிதர். பெட்டியை இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. பெட்டி தண்ணீரில் விழுந்து, மிதந்து, முள்ளுப் புதரில் போய்ச் சிக்கிக்கொண்டு நின்றது. ரெபேக்காள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரையே அதட்டும் அந்தத் தொண்டையிலிருந்து அன்றைக்குச் சத்தம் வரவில்லை.

முதலில் தண்ணீரில் குதித்தவர் கோதண்டபாணி. இதை மறைக்கக் கூடாது. வெள்ளை வேட்டியோடு குதித்து, முள்ளில் கை கிழிய, பெட்டியை இழுத்துக் கரை சேர்த்தார். பிறகு எல்லோர் முன்னாலும் அழுதபடி, "ஆயாம்மா, அடுத்த மழைக்குள்ள இங்க பாலம் நிக்கும். இல்லன்னா என் பேரு கோதண்டபாணி இல்ல" என்றார்.

அடுத்த மழை வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. பாலம் வரவில்லை, அவர் பெயரும் மாறவில்லை. கேட்டால், "அளவெடுத்துட்டாங்க ஆயாம்மா, பி.டி.ஓ. ஆபீஸ்ல கீது" என்பார். ரெபேக்காளுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. சேற்றில் இறங்கிக் கால்வாயைத் தாண்ட முடியாது. புருஷனைப் புதைத்த இடத்தை அவள் அதன்பிறகு பார்க்கவே இல்லை. இந்தக் கரையில் நின்று எட்டிப் பார்த்தால் சிலுவையின் தலை மட்டும் செடிகளுக்கு மேலே தெரியும். பண்டிகைக்குப் பூ வாங்கிக்கொண்டு போய், அதை இந்தப் பக்கமே வைத்துவிட்டு வருவாள். வரும் வழியெல்லாம் கோபத்தில் மூக்கைச் சிந்துவாள்.

மறுபடி தேர்தல் பேச்சு அடிபடத் தொடங்கியது. கோதண்டபாணி இந்த முறை போதகரிடம் போனார். மிஷன் தெருவில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். யோபு ஐயர் இளவயதுக்காரர், பயந்த சுபாவம். கோயில் வாசலில் ஒரு அலங்கார வளைவு கட்டித் தருவதாகத் தலைவர் வாக்குக் கொடுக்க, ஐயருக்குத் தலைகால் புரியவில்லை. வளைவின் உச்சியில் சிலுவை, சிலுவைக்குக் கீழே வசனம், வசனத்துக்குக் கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் கோதண்டபாணி. பதிலுக்கு, தேர்தல் முடியும்வரை முதல் ஜெபத்தில் தலைவர் பெயரைக் கொஞ்சம் நிறுத்தி, நிதானமாக, இரண்டு முறை சொல்ல வேண்டும். அந்த ஜமீன்தார் எங்கிருந்தாவது கேட்டுக்கொண்டிருந்தால் தன் வாரிசு கிடைத்துவிட்டான் என்று மகிழ்ந்திருப்பார்.

சனிக்கிழமை மாலை ஐயர் இதை ரெபேக்காளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஏங்க ஐயரே, வளைவு வாசல்லதான?"

"ஆமாம்மா."

"உயிரோட கீறவங்க வளைவுல போவணும், செத்தவங்க தண்ணில போவணுமா?"

அவள் கோபமாகக் கத்தியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சிரித்துவிட்டு, "சரிங்க ஐயரே, தலைவர் பேரைச் சொல்லணும், அவ்ளோதான? சொல்லிட்டாப் போச்சு" என்று போய்விட்டாள். மைக் செட்டின் ஒயரைப் பிடுங்கி வைத்துவிடலாமா என்று ஐயர் அன்றிரவு இரண்டு முறை கோயில் வரை போய்த் திரும்பினார்.

ஞாயிறு வந்தது. ரெபேக்காள் எழுந்து மைக்கைப் பிடித்தாள். டில்லி, கோட்டை, கலெக்டர். அங்கே நிறுத்தி ஆமென் என்றாள். ஊராட்சித் தலைவர் பெயர் வரவில்லை. ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் இரண்டாவது ஜெபத்துக்குப் போனாள். சர்க்கரையில் காலில் புண் வந்த தாயம்மாளுக்காகக் கேட்டாள். அப்புறம் குரலை இறக்கி, உருக்கமாக, "எங்க தலைவர் கோதண்டபாணியையும் உம்முடைய கையில ஒப்புக்கொடுக்கிறோம் ஆண்டவரே. அவருக்கு வந்திருக்கிற வியாதி உமக்குத் தெரியும். டாக்டருங்களால ஆவுறது ஒண்ணுமில்ல. நீரே தொட்டு சொகமாக்கும்" என்றாள்.

பிறகு வந்த ஆமெனில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கூரைமேல் இருந்த குழாய், தன்மேல் எழுதியிருந்த பெயருக்கு விசுவாசமாக, அத்தனையையும் அப்படியே டீக்கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

தணிகாசலம் வடிகட்டியைக் கீழே வைத்தார். "கேட்டீங்களா? தலைவருக்கு முடியலியாம். டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்களாம்" என்றார். அவர் சொன்னதில் பொய் என்று எதையும் பிடிக்க முடியாது.

கோதண்டபாணி அப்போது ஊரில் இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவர் திருப்பதிக்குப் போயிருந்தார். இரண்டாம் முறை ஜெயிக்க முடி காணிக்கை வேண்டுதல். உள்ளூர் முருகன் இருக்க வேறு மலைக்குப் போய் மொட்டை போடுவது தெரிந்தால் நன்றாக இருக்காது என்று யாருக்கும் சொல்லவில்லை. போனையும் அணைத்து வைத்திருந்தார். வீட்டுக்குப் போய்க் கேட்டவர்களிடம் மனைவி யோகலட்சுமி மென்று விழுங்கி, "அவரு ஊர்ல இல்லீங்க... எங்கன்னு சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காருங்க" என்றாள். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? வேலூர் ஆஸ்பத்திரி என்றார்கள் சிலர். சென்னை என்றார்கள் சிலர். ரயிலில் அரக்கோணம் போய்ச் சேர்வதற்குள் சேதி முற்றிப்போயிருந்தது.

திங்கட்கிழமை தலைவர் வந்து இறங்கினார். மழுங்கச் சிரைத்த மொட்டைத் தலை, வெயிலில் வாடிய முகம், தொப்பி. பார்த்தவர்களுக்குச் சந்தேகம் தீர்ந்தது. "ஐயோ பாவம், மருந்து குடுத்ததுல முடியெல்லாம் கொட்டிப்போச்சே" என்று ஒரு பெண்மணி தெருவிலேயே அழுதுவிட்டாள்.

அன்று முழுக்க வீடு நிறைந்து வழிந்தது. ஹார்லிக்ஸ் பாட்டில்கள் அலமாரியில் இடமில்லாமல் பூஜை அறைக்குப் போயின. சாத்துக்குடி கட்டிலுக்கு அடியில் உருண்டது. "எனக்கு ஒண்ணியும் இல்ல" என்று அவர் சொல்லச் சொல்ல, "அப்டித்தாம்பா தைரியமா இருக்கணும்" என்று தட்டிக்கொடுத்தார்கள். நகரியிலிருந்து அவருடைய பாவா, அக்கா வீட்டுக்காரர், காரில் வந்து இறங்கி, கட்டிப்பிடித்து ஓவென்று அழுதார். திரும்பும்போது காரின் பின்பக்கம் எதற்கோ திறக்க, உள்ளே ஆளுயர ரோஜா மாலை ஒன்று. "எதுக்கும் இருக்கட்டும்னு..." என்று பாவா இழுத்தார். கோதண்டபாணி தானே போய்க் காரின் கதவை அறைந்து சாத்தினார்.

கடைசியில் வந்தவள் சுசித்ரா. தலைவர் பதவிக்கு இவரை எதிர்த்து நிற்கப் போகிறவள். இருக்கிறதிலேயே பெரிய பழக்கூடை அவளுடையதுதான். வாசலில் கூடியிருந்தவர்கள் எல்லோரும் கேட்க, "அண்ணன் நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும். ஊரை நாங்க பாத்துக்கறோம்" என்றாள். கூட்டம் தலையாட்டியது. அந்தத் தலையாட்டலைப் பார்த்த பிறகுதான் கோதண்டபாணிக்கு உண்மையிலேயே காய்ச்சல் வந்தது.

அன்று மாலையே யோபு ஐயர் வீட்டுக்குப் பாய்ந்தார்.

"இன்னா ஐயரே, உங்க கோயில்ல உசுரோட கீறவன சாவடிக்கிறீங்க?"

ஐயர் நாற்காலியை இழுத்துப் போட்டபடி, "அடுத்த வாரம் நானே ஜெபம் நடத்தி, தலைவர் நல்லா இருக்காருன்னு சொல்லிடறேங்க" என்றார்.

"நீ சொன்னா எவன் நம்புவான்? ஆயாம்மா வாயால படுத்தவன் ஆயாம்மா வாயாலதான் எழுந்திருக்கணும்" என்று தலையில் அடித்துக்கொண்டு ரெபேக்காள் வீட்டுக்கு ஓடினார்.

அவள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். "வா நைனா. எழுந்து நடமாடுறியா? ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

"ஆயாம்மா, வெளையாடாத. எனக்கு இன்னா வியாதி? சொல்லு, இன்னா வியாதி?"

"மறதி."

சொல்லிவிட்டு அடுத்த கொத்துக் கீரையை எடுத்தாள்.

"தண்ணிக்குள்ள நின்னுகினு அழுதுகினே ஒண்ணு சொன்ன. முள்ளு கிழிச்ச தழும்பு உன் கையில இன்னும் கீது. சொன்னது மட்டும் மறந்துபோச்சி. அது வியாதி இல்லாம இன்னா? பாலத்த மறந்தவனுக்கு வளைவு ஞாபகம் வருது பாரு, முத்திப்போச்சின்னு எனக்குப் பட்டுச்சு. அதான் ஜெபத்துல வெச்சேன்." இவ்வளவு நேரம் கேலியாகப் பேசியவளுக்குக் கடைசியில் குரல் உடைந்தது. "எம்மாம் நாளாவுது தெரியுமா, நான் அந்த மனுஷன் கிட்டப் போயி?"

கோதண்டபாணி தன் கைத்தழும்பைப் பார்த்தார். பொய்யாக எதையாவது சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். பிறகு தொப்பியைக் கழற்றி மொட்டைத் தலையைத் தடவியபடி, "பாலம் வந்தா வியாதி சொகமாயிடுமா ஆயாம்மா?" என்று கேட்டார். பழைய மஞ்சள்கருப் பல்லின் சாயல் அந்தக் கேள்வியில் இருந்தது.

"ஆண்டவர் கையில கீது" என்றாள். "பாலம் உன் கையில கீது."

அடுத்த ஞாயிறும் அவர் இரண்டாம் ஜெபத்தில்தான் இருந்தார். அதற்கடுத்த வாரம் பொக்லைன் இயந்திரம் வந்தது. பி.டி.ஓ. ஆபீசில் அத்தனை காலம் தூங்கிய வேலை எப்படி எழுந்தது என்று யாரும் கேட்கவில்லை. சிமென்ட் குழாய்கள் இறக்கினார்கள், கான்கிரீட் போட்டார்கள். கோதண்டபாணி வெயிலில் நின்று தண்ணீர் ஊற்றி நனைத்ததைப் பார்த்தவர்கள், "இந்த ஒடம்போட பாருய்யா" என்று உருகினார்கள். ரெபேக்காள் தினமும் போய் ஊன்றுகோலால் தட்டிப் பார்த்துவிட்டு வருவாள்.

பாலம் முடிந்த ஞாயிறு, முதல் ஜெபத்தில் கலெக்டருக்கு அடுத்தபடி கோதண்டபாணி பெயர் வந்தது. "எங்க தலைவருக்குப் பூரண சொகத்தக் குடுத்ததுக்காக ஸ்தோத்திரம்" என்றாள். அவர் கேட்டிருந்தபடி நிறுத்தி, நிதானமாக, இரண்டு முறை சொன்னாள். ஆராதனை முடிந்ததும் பூவை எடுத்துக்கொண்டு பாலத்தில் நடந்தாள். இஸ்ரேலின் கல்லறையில் முளைத்திருந்த செடியையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, அங்கேயே கால் நீட்டி உட்கார்ந்து, விட்டுப்போன ஊர்க்கதை அத்தனையையும் அவருக்குச் சொல்லி முடித்தாள். மனம் நிறைந்து அழுதாள்.

டீக்கடை தணிகாசலத்துக்கு மட்டும் நாக்கு அடங்கவில்லை. "பாலம் கடக்கிற வரைக்கும் நாராயணா, கடந்துட்டா பூராயணா. வேலை முடிஞ்சா சனம் மறந்துடும் தலைவரே, பாத்துக்க" என்றார்.

அப்படியேதான் ஆயிற்று. கோதண்டபாணி தோற்றார். பாலத்தில் நடந்து கல்லறைக்குப் போய் வந்தவர்களே, "நல்ல மனுஷன்தான், ஆனா ஒடம்பு சரியில்லாதவர எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?" என்று சுசித்ராவுக்குப் போட்டுவிட்டார்கள். மிஷன் தெருவில் ஒரு ஓட்டு அவருக்குத்தான் விழுந்தது என்று சத்தியம் பண்ணலாம். அது ரெபேக்காளுடையது. அவளுக்கு நெஞ்சில் ஒரு முள் குத்தியது. ஆனால் முதல் ஜெபத்தின் சட்டம் ஜமீன்தார் காலத்துச் சட்டம். நாற்காலி போனால் பெயரும் போகும். அடுத்த ஞாயிறு கலெக்டருக்கு அடுத்தபடி சுசித்ரா. அதற்கடுத்த மாதம் வாசலில் வளைவு எழுந்தது, அவள் பெயரில். வளைவுக்கு வந்த பெயிண்டர் குழாய் ஒலிபெருக்கியையும் விட்டுவைக்கவில்லை. பழைய உபயத்தின் மேல் வெள்ளை பூசிவிட்டார்.

சில மாதம் கழித்து, ஒரு சாயங்காலம் ரெபேக்காள் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது பாலத்துக் கட்டைச் சுவரில் கோதண்டபாணி உட்கார்ந்திருந்தார். முடி வளர்ந்திருந்தது. கூட யாரும் இல்லை. அவரைத் தனியாகப் பார்ப்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

"ஆயாம்மா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டியே?"

"கேளு நைனா."

"அந்த ரெண்டாவது ஜெபத்துல... நம்ம பேர இன்னொரு வாட்டி சொல்ல முடியுமா?"

"ஐயையோ. ஒடம்புக்கு இன்னா?"

"ஒடம்புக்கு ஒண்ணியும் இல்ல." அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வீடு சும்மா கெடக்குது ஆயாம்மா. போன் அடிக்கிறதே இல்ல. அன்னிக்கு நீ சொன்னப்ப எவ்ளோ பேரு வந்தாங்க பாத்தியா? ஒக்கார எடமில்ல. எரிச்சலா இருந்துச்சி அப்ப. இப்ப நெனச்சா, அதான் நல்லா இருந்த நாளுன்னு தோணுது."

ரெபேக்காளுக்குக் கேலி செய்ய வாயில் ஆயிரம் இருந்தது. "மறுபடியும் வரிசையில வந்து நிக்கிறியா நீ?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆங், ஆயாம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஜெபத்தில் அவர் பெயர் வந்தது. "கோதண்டபாணிக்கு ஒரு நோவு கீது ஆண்டவரே. ஊருக்கே அது தெரியட்டும்" என்றாள். சபை வழக்கம்போல ஆமென் சொன்னது. அதில் சத்தம் இல்லை. வெள்ளை பூசிய குழாய் அவள் குரலை டீக்கடைக்குக் கொண்டுபோனது. தணிகாசலம் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு டீயை ஆற்றினார். சுசித்ரா அன்றைக்கு எங்கோ கொடியேற்றப் போகவிருந்தாள். ஆட்களெல்லாம் அங்கே புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் ரெபேக்காள் தூக்குப் பாத்திரத்தோடு அவர் வீட்டுக்குப் போனாள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்திருக்க வேண்டும். யோகலட்சுமி பெரிய பாத்திரத்தில் மோர் கரைத்து வைத்திருந்தாள். கோதண்டபாணி சலவைச் சட்டை போட்டு, வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்ட கட்டிலில், தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாற்காலிகள் அத்தனையும் காலி.

ரெபேக்காள் முதல் வரிசை நாற்காலியை இழுத்துக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தாள். தூக்கைத் திறந்தாள். உள்ளே அவித்து உரித்த முட்டை, உப்பும் மிளகும் தூவியிருந்தது. ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் ஒரே வாயில் போட்டுக்கொண்டார். மென்றுகொண்டே அவள் தோளுக்கு மேலாகத் தெருவை எட்டிப் பார்த்தார்.

"ஆயாம்மா, நீ வர்றச்சே பின்னாடி யாராச்சும் வந்துகினு இருந்தாங்களா?"

ரெபேக்காள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆங், வருவாங்க" என்றாள். "நீ சாப்புடு." இரண்டாவது முட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.